பதினைந்து சதவீத முழங்கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை ஆவடியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் மனைவியுடன் வந்தார். அவருக்கு முன்னால் ஷூ பாலிஷ் வாசனை வந்தது. நிமிர்ந்து பார்க்கும் முன்பே உங்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள்: மின்னும் ஷூ, மடிப்புக் கலையாத சட்டை, பணியின்போது உடைந்த வலது முழங்கால். அது பணியால் நேர்ந்த காயம் என்பதை மருத்துவக் குழு ஏற்றிருந்தது. ஆனால் ஊனம் பதினைந்து சதவீதமே என்று மதிப்பிட்டிருந்தது. இருபதுக்குக் கீழ் என்றால் ஊன ஓய்வூதியம் கிடையாது. மதிப்பீடு ஏன் குறைந்தது என்று நான் தாள்களில் தேடிக்கொண்டிருந்தேன். பதில் உங்கள் பின்னால் நின்ற உங்கள் மனைவியிடம், அக்காவிடம், இருந்தது.

“ஊட்ல மாடிப்படி எறங்க ஆள் புடிக்கணும். டாக்டர் முன்னாடி மட்டும் வெறப்பா நின்னு ‘நோ ப்ராப்ளம் சார்’னு சொல்லிட்டு வந்துகீறாரு இந்த மனுசன்!”

“ஆபீசர் முன்னாடி நொண்டிகினு நின்னா நல்லாவா கீது?” என்றீர்கள், சற்றும் தளராமல்.

மேல்முறையீட்டில் மறுபரிசோதனைக்கு உத்தரவு கிடைத்தது. கூட்டிச் சொல்வது பொய், குறைத்துச் சொல்வதும் பொய்யே என்று எச்சரித்தேன். “இன்னா வக்கீலே, வலியக்கூட எட போட்டுத்தான் சொல்லணுமா?” என்று சிரித்தபடி உள்ளே போனீர்கள். அக்காவும் நானும் மருத்துவமனை வாசலில் காத்திருந்தோம். திரும்பி வந்ததும் எதிரிலிருந்த டீக்கடையில் எங்களுக்கு நடித்தே காட்டினீர்கள். குந்தச் சொன்னார்களாம், பாதி குந்தியதும் கால் பூட்டிக்கொண்டதாம். எழச் சொன்னார்களாம்.

“‘எறங்கிட்டேன் சார். ஏறணும்னா ஆர்டர் பத்தாது, ஆள் அனுப்புங்க’ன்னேன். மொத்தப் பேரும் சிரிச்சுட்டாங்க!”

சில வாரங்களில் முப்பது சதவீதம் என்று முடிவு வந்தது. உங்களுக்கு முன்பே அக்கா பேசினார்: “முப்பதுதானா? கடைக்குப் போயிட்டு வான்னா நூறு ஆயிடுதே!” நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீங்கள் மறைந்து இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. வருபவர்களிடம் ‘எங்கே வலிக்கிறது?’ என்று மட்டும் கேட்டு நான் இப்போது நிறுத்துவதில்லை. ‘எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள்?’ என்றும் கேட்கிறேன். வீட்டாரையும் அழைத்துவரச் சொல்கிறேன்.

இன்று வந்தவரும் நெஞ்சை நிமிர்த்தி, “பெருசா ஒண்ணும் இல்ல சார்” என்றார்.

நான் பேனாவைத் திறந்து, அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மாள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.