பாப்பா உன்னிடமே இருக்கட்டும்

மறுவாழ்வு மையம், மதுரை
8.7.2024

அன்புள்ள அக்கா அழகுமீனாவுக்கு,

நலம் என்று எழுத மனசு வரவில்லை. இங்கே செல்போன் தர மாட்டார்கள், அதனால்தான் கடிதம். உன்னிடம் விட்டுவந்த பாப்பாவுக்கு நடுக்கம் நின்றதா? பால் குடிக்கிறாளா? பட்டாசுக் கம்பெனியில் கை வெந்தபோது வலிக்கென்று விழுங்கிய மாத்திரைதான் போதையாகப் பிடித்துக்கொண்டது. வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்று தெரிந்த பிறகும் விட முடியவில்லை அக்கா. தடுக்க வேண்டிய புருஷன், பாலகுருவே வாங்கி வந்துகொண்டே இருந்தார், தானும் போட்டுக்கொண்டார். கோபம் தீராவிட்டாலும் இரண்டு வரி எழுது.

உன் தங்கை
இசைவாணி


திருத்தங்கல்
15.7.2024

அன்பு இசைக்கு,

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். பிறந்த வாரம் பாப்பா அழுதது பிள்ளை அழுகை மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, மெல்லக் குறைத்து, இப்போது நிறுத்திவிட்டார்கள். பால் குடிக்கிறாள். வெடி சோதிக்கிற சத்தம் கேட்டால்தான் இன்னும் உதறுகிறாள். நர்ஸ் செல்வலட்சுமி வீட்டுக்கே வந்து பார்க்கிறார். துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

அவரிடம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "திட்டாதீக. அது நோயி. அவ நல்லாயிட்டா பிள்ளைக்கு அம்மா கிடைப்பா" என்றார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குணமானதும் நேரே என் வீட்டுக்கு வா. பாலகுரு கூப்பிட்டாலும் போகாதே.

அக்கா


சிவகாசி
2.9.2024

அக்கா,

மையத்திலிருந்து பாலகுருதான் கூட்டி வந்தார். பஸ் திருத்தங்கலில் நின்றபோது இறங்க எழுந்தேன். "நாளைக்குப் போவோம், பிள்ளை எங்கிட்டுப் போயிரப் போகுது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். மறுபடி போட்டுவிட்டேன் அக்கா. போனையும் விற்றாயிற்று. உங்கள் தெரு மாடத்தி கம்பெனி வேனில் வருகிறாளே, அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை கையில் இருந்தால் யாரும் இரக்கப்பட்டுக் காசு கொடுப்பார்கள் என்று பாலகுரு பேசுகிறார். இப்போது தெளிவாக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். நானே வந்து கேட்டாலும் பாப்பாவைக் கொடுக்காதே. அழுவேன், காலில் விழுவேன், சாபம் விடுவேன். கொடுக்காதே. அவள் உன்னிடமே இருக்கட்டும்.

இசை


திருத்தங்கல்
9.9.2024

அன்பு இசைக்கு,

வெள்ளிக்கிழமை வந்தாய். "ஒரு தடவ காட்டுக்கா, தொட மாட்டேன்" என்றாய். தெருமுனையில் பாலகுரு பைக்கை அணைக்காமல் நின்றார். நான் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ விட்ட சாபமெல்லாம் கேட்டது. நீ எழுதியிருந்தபடியே கதவைத் திறக்கவில்லை.

செல்வலட்சுமி உனக்கு மையத்தில் மறுபடி இடம் பேசியிருக்கிறார். பிள்ளையை அங்கே கொண்டுவந்து உன் மடியில் போடலாமாம், பக்கத்தில் மையத்து ஆட்கள் இருப்பார்களாம். நான் கொண்டுவருகிறேன். நீ மட்டும் தனியாக வா. மாடத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும், நானே வந்து கூட்டிப் போகிறேன்.

அக்கா


திருத்தங்கல்
4.11.2024

இசை,

போன கடிதத்தை மாடத்தி திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். எங்கே போனீர்கள் என்று பக்கத்து வீட்டிலும் தெரியவில்லையாம். இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா நேற்று குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா என்று சொல்லிக் கொடுக்கும்போது யாரைக் காட்டுவது, நீயே சொல்.

அக்கா