புளி போட்டுத் தேய்த்த மூன்று தகடுகள்

நெமிலிச்சேரி

அன்பு மகள் ஹெலினாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரியாவும் மஸ்கட்டில் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இதைப் போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால் பார்சலோடு எழுதி வைக்கிறேன்.

போன வருஷம் திருமழிசை கம்பெனியில் ஷெட்டின் இரும்புச் சட்டங்களுக்கு, இருப்பதிலேயே விலை கூடிய பெயின்ட்டை முதலாளியை வாங்க வைத்துத் துருவின் மேலேயே அடித்தேன் அல்லவா, ஆசிட் தொட்டியின் ஆவியில் எட்டே மாதத்தில் உரிந்துவிட்டது. முதலாளி கஜபதி, இன்னாப்பா ஜெயபாலு, உன் பெயின்ட்டு என் சாம்பார்ல வுயுந்துகினு கீது என்றார். ரிடையரானவன் என்று இரக்கப்பட்டுத் தந்த வேலை, இந்தத் தடவையும் சொதப்பினால் ஊட்லயே குந்திக்கோ என்றும் சொல்லிவிட்டார். உடனே பத்தாவதை மூன்று தடவை எழுதிய உன் அப்பா விஞ்ஞானி ஆனேன். மூன்று இரும்புத் தகடு எடுத்தேன். என் வீம்புக்கு ஒன்றில் துருவின் மேலேயே அந்த விலை கூடிய பெயின்ட். மற்ற இரண்டையும் பெயின்ட் கடை சுலைமான் சொன்னபடி பளபளவென்று சுரண்டி, ஒன்றில் மலிவானது, ஒன்றில் எபாக்சி என்கிற, காய்ந்தால் கல்லாக இறுகும் நடுத்தர விலை பெயின்ட். மழைக்காலம் முழுக்கத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை முதலாளிக்குக் காட்ட வேண்டும்.

ஞாயிறு நம் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வரும் வாசலில் துருப்பிடித்த இரும்பா என்று உன் அம்மா மூன்றையும் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். நாலு மாத விஞ்ஞானம் சாக்கடையில் போனது. எல்லாரும் நாட்டுக்காக ஜெபிக்க, நான் வேலைக்காக ஜெபித்தேன். அப்புறம் சத்தம் போட்டால், ஒரு புளிக்குத் தாங்காத பெயின்ட்டு ஆசிட்டுக்கு இன்னா தாங்கும் என்கிறாள். எடுத்துப் பார்த்தேன். விலை கூடியது இறால் தோல் மாதிரி கழன்றிருந்தது, மலிவானது பாதி போயிருந்தது, எபாக்சியில் ஒரு கீறல் இல்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் தன் சாவியால் எபாக்சியை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்து, சரி என்றார். இப்போது முடிவானது இதுதான்: முதலில் எல்லாச் சட்டத்தையும் சுரண்டுவது, தொட்டிப் பக்கம் எபாக்சி, ஆவி எட்டாத இடத்தில் மலிவானதே போதும். எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை. அடுத்த தபா டெஸ்ட்டுக்கு ஊட்டம்மாவ அனுப்பு, நீ வாணாம் என்றார், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. உன் பால்கனிக் கம்பி துருப்பிடித்தது என்றாயே, சுரண்டாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதே. பார்சலில் அரைக் கிலோ புளி இருக்கிறது. குழம்புக்கு என்றுதான் அம்மா சொன்னாள்.

முத்தங்களுடன்,
அப்பா ஜெயபால்