ஏழடி வாசலுக்கு எத்தனை மரம்?

என் அன்பான தையல்காரிக்கு,

இங்கே நானும் உன் மெஷினும் சௌக்கியம். அதன் மேல் தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். என்னைக் கவனிக்கத்தான் ஆளில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் "ம்" என்று சொல்லிவிட்டு உன் அக்காவிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா விஷயத்தைச் சொன்னார். உன் கால் இனிமேல் பழையபடி வராது, சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, நீ அங்கேயே தங்கிவிடப் போவதாகச் சொன்னாயாம். அங்கே லிஃப்ட் இருக்கிறது, கதவெல்லாம் அகலம், நம் வீட்டு வாசலோ ஒடுக்கம், அவருக்கு எதற்கு வீண் சிரமம் என்றாயாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தோடு எழுதினால் என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் மரம் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கொடி கட்டி நாலு துணி காயப்போட்டாலே குனிந்து போக வேண்டிய வாசலில் மரமா என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. படி இரண்டையும் இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசிவிட்டேன். பூச்சு காய்ந்ததும், மருந்துக்கடைக்காரரிடம் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்து, நானே அதில் உட்கார்ந்து கேட்டிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து, "ஐயையோ, உங்களுக்குமா?" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று நம்ப வைக்க எழுந்து நின்று இரண்டு குதி குதித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இத்தனை வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விடாதவன், அன்றைக்கு நாற்காலியைச் சுவரில் உரசி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். டிப்போவில் யாரிடமும் சொல்லிவிடாதே.

ஓட்டிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. மத்தியான வெயிலில் சக்கரத்து வளையத்தைக் கையால் தொட முடியவில்லை. பூசிய தரையோ அனலாகக் கொதிக்கிறது. கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டுக் கதவுக்கு வருவதற்குள் வெந்துபோனேன். உனக்கு அங்கே நிழல் வேண்டும். தகரம் போட்டால் முன்னறை இருட்டாகிவிடும், ஊசியில் நூல் கோக்க உனக்கு வெளிச்சமும் வேண்டும். அதனால்தான் மரம்.

செடி விற்கிற அம்மாவிடம் போனேன். முதலில் கொய்யாவைக் காட்டினார். பழம் விழுந்து நசுங்கினால் சக்கரம் வழுக்கும், வேண்டாம் என்றேன். எலுமிச்சை என்றார். முள் உன் கையைக் கிழிக்கும். புங்கை நல்ல நிழல், ஆனால் வேர் தரையைப் பெயர்த்துவிடும், சுவரையும் சும்மா விடாது. முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும், மேலே விழுந்தால் உன்னால் சட்டென்று எழுந்து உதற முடியாது. நான் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லிக்கொண்டே போனதில் அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மரம்னா இலை உதிரும், காய் விழும், வேர் ஓடும். இது எதுவுமே ஆகாதுன்னா பிளாஸ்டிக்லதான் வாங்கணும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

அப்புறம்தான் யாருக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். குழாயை மூடிவிட்டு வந்தார். அவரே தேடி இரண்டு செடிகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று பவளமல்லி, இன்னொன்று மாதுளை. இரண்டும் சின்ன மரம்தான், வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்குமாம். மாதுளையில் கொஞ்சம் முள் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவருக்குச் சுவர் ஏழடி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, குழிக்கும் அதைச் சுற்றிக் கல் பதிக்கவும் இரண்டிரண்டு அடி விட்டால் நடுவில் மூன்றடி. நாற்காலி இரண்டு பக்கமும் இடிக்காமல் கச்சிதமாகப் போகும். முட்டுச் சந்தில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவனுக்கு இது எம்மாத்திரம்? பின்னாலிருந்து நான் தள்ளிக்கொண்டு வருகிறேன், நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உன் முகத்தில் இலை படாதபடி கீழ்க்கிளைகளை ஒட்ட வெட்டிவிடுகிறேன்.

எது எந்தப் பக்கம் என்று மட்டும் நீ சொல். உன் பதிலுக்காக இரண்டும் பையோடு நிற்கின்றன. நிழல் விழ இரண்டு மூன்று வருஷமாவது ஆகுமாம். அதுவரை குடை பிடிக்க ஆள் இருக்கிறேன். டிப்போவில் கேட்டுக் காலை ஷிப்ட் வாங்கிவிட்டேன், மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நீ எனக்குச் சிரமமா இல்லையா என்பதை என்னிடம் கேள், உன் அக்காவிடம் கேட்காதே. நீ இல்லாத வீட்டில் இருக்க எனக்குத் தெரியவில்லை. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் டிரைவர்

* * *

மதிப்புக்குரிய டிரைவர் ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வாசலில் குதித்துக் காட்டியதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், அக்கா என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. முதுகு வலி தேவலை. இப்போது தோள்தான் வலிக்கிறது, நாற்காலியை நானே ஓட்டப் பழகுகிறேன். கூடத்திலிருந்து சமையலறைக்குத் துணையில்லாமல் போய்வருகிறேன். அக்காவின் கிழிந்த ரவிக்கை ஒன்றைக் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். மெஷினைக் காலால் மிதிக்காமல் ஓட்ட ஏதாவது வழி உண்டா என்று ரிப்பேர்க்காரரிடம் கேட்டு வையுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், டீயைக் குடித்தே பொழுதை ஓட்டாதீர்கள்.

மரத்துக்கு வருகிறேன். முள்ளைப் பார்த்தீர்கள், வேரைப் பார்த்தீர்கள், பூச்சியைக்கூட விடவில்லை. ஆனால் டிரைவர் புத்தி போகுமா? ஒரு வண்டி போகிற அளவுக்கு மட்டும் பாதையை அளந்து வைத்திருக்கிறீர்கள்.

அக்கா நல்லவள், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவள் பின்னால் நின்று தள்ளும்போது அவள் முகம் எனக்குத் தெரிவதில்லை. பெருமூச்சு மட்டும் கேட்கிறது. அது களைப்பா, சலிப்பா, சும்மா விட்ட மூச்சா என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கலாம் என்றால் முதுகு இடம் கொடுப்பதில்லை. இதே மூச்சை உங்களிடமும் கேட்க வேண்டி வருமோ என்றுதான் நான் அங்கே வரப் பயந்தேன். அதைத் தாங்கிக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை. வாசல் ஒடுக்கம் என்று சொன்னதெல்லாம் வெறும் சாக்கு.

அதனால் நமக்கு ஒரு மரம் போதும். பவளமல்லியை வையுங்கள், குழாய் இருக்கிற பக்கமாக. மாதுளையை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், பாவம், வெறுங்காலோடு ஓடி வந்த மனுஷன். கீழ்க்கிளைகளை முடிவெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டிவிடாதீர்கள். என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றையாவது விட்டுவையுங்கள், பூ பறிக்க நான் யாரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை, அதில் யாரும் பங்குக்கு வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப்போங்கள். அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பிறகு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

கேட்டிலிருந்து கதவு வரை நானே ஓட்டிக்கொண்டு வருவேன். ஒரு மரத்தைக் குறைத்துவிட்டதால் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நடக்க இடம் இருக்கும். பின்னால் வராதீர்கள், பக்கத்தில் நடந்து வாருங்கள். என்றைக்காவது சலிப்பாக இருந்தால் முகத்தையும் சலிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எனக்கு உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

உங்கள்,
தையல்காரி