எழுபது டிகிரியில் அரை மணி நேரம்

ஜனவரி 9
படிகம் வந்துவிட்டது. நுண்ணோக்கியில் சிவப்பாக, ஒரு துளி. வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் சுவாச நொதி. இதன் வடிவத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "இது நின்னா நீயும் நிப்பே" என்றார். மார்ச்சோடு என் வேலை முடிகிறது. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. அவள் அப்பாவுக்கு வேலை போய் ஐந்து மாதம்; வெளியூர்களில் வேலை தேடி அலைகிறார்.

ஜனவரி 10
பயமாக இருக்கிறது. சந்தோஷம் இப்படியா இருக்கும்?

பிப்ரவரி 18
ஆய்வுக்கூட்டம். வெளியாட்கள் மூன்று பேர். என்னை இருபது நிமிடம் பேசவிட்டு மேடம் எழுந்தார். திரையில் நான் காட்டிய வடிவத்தின்மேல் இன்னொன்றைப் பொருத்தினார். அச்சு அசல். அது சாதாரணக் குடல் பாக்டீரியாவின் நொதி. எங்கள் நொதியை அதற்குள்தான் வளர்த்தெடுக்கிறோம். அதற்கும் சொந்தமாக ஒரு சிவப்பு நொதி உண்டு.

"கல்யாணப் பொண்ணை விட்டுட்டு சமையல்காரரை போட்டோ எடுத்துட்டு வந்திருக்கா. எனக்கு மூணு வாரமா தெரியும். இவ எப்பதான் கண்டுபிடிக்கிறான்னு பாத்துட்டிருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் — ஏன் சிரிச்சேன்?

பிப்ரவரி 19
எழுபது டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் குடல் பாக்டீரியாவின் புரதமெல்லாம் வெந்து, திரண்டு, அடியில் தங்கிவிடும். எங்களுடையது அசையாது. டிசம்பரில், இந்தப் படிகத்துக்காகப் புரதம் பிரித்த அன்று, ஐந்தாம் நிமிடமே குழாய்களை எடுத்துவிட்டேன். குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன்; பாப்பாவுக்குக் காய்ச்சல். நோட்டில் 'முப்பது நிமிடம்' என்று காலையிலேயே எழுதியாயிற்று. எப்போதும் முன்கூட்டியே எழுதிவிடுவேன்.

மேடம் நோட்டைப் புரட்டினார். நேரம் சரி, அப்படியென்றால் குழாய்களை வைக்கும் வெந்நீர்த் தொட்டி, வாட்டர்பாத், சூடாகவில்லை என்றார். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். சரியாகத்தான் இருந்தது என்றார் அவர். அன்று குழாய்களோடு நான் ஓடியபோது கதவைத் திறந்துவிட்டவர். என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார்.

வாயைத் தொறந்திருக்கலாம்ல? தொறக்கல.

மார்ச் 3
அண்ணனைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், குடுவை கழுவ.

மார்ச் 28
எனக்கு ஆறு மாத நீட்டிப்பு. கருவிக் கோளாறுக்கு நீ என்ன பண்ணுவே என்றார் மேடம். அவர் இவ்வளவு கனிவாகப் பேசியதே இல்லை.

ஜூலை 11
படிக்கட்டில் அண்ணன். விரல்களில் தோல் உரிந்திருந்தது. "பாப்பா நல்லாருக்காளாம்மா?" தலையாட்டினேன். வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

செப்டம்பர் 2
இந்த முறை சரியான வடிவம். கட்டுரை முடிந்தது. கடைசியில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள். "அந்தக் கருவி அண்ணனைச் சேக்கணுமா?" என்று கேட்டார் மேடம்.

வேண்டாம் மேடம், என்றேன்.