ஆயர் ஈத்தாம் குடம்

என் மூத்தவளே,

ரப்பர் தோட்டத்து டிரஸ்ஸர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே பால்மரம் வெட்ட லாயக்கில்லை" என்று எழுதிவிட்டார். வேலைக்கு ஆகாத கிழடுகளை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவது துரையின் வழக்கம். உன் தம்பியும் "போங்கப்பா, அதான் நல்லது" என்று தலையாட்டிவிட்டான். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? உங்கம்மாவை எரித்த இடம் இங்கே, ஆற்றோரம் இருக்கிறது.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மூச்சைப் பற்றிக் கேட்காதே.

அந்தக் காலோடுதான் ஆயர் ஈத்தாம் ஊர் வரைக்கும் போய், சீனர் பானைச் சூளையில் எனக்கான கொள்ளிக்குடத்தை நானே தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். சாவுக் குடத்தை வீட்டுக்குள் வைக்கலாமா என்று லயத்து வீடுகளில் எல்லோரும் கத்தினார்கள். அதில்தான் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறேன். நன்றாகக் குளிர்கிறது.

கப்பல் வரட்டும், நான் ஏறமாட்டேன். என் கடைசிக் காரியத்துக்குத் தம்பியைத் தேடாதே. பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பார்கள். நீ வா. குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்து, நீயே உடை.

ஓங்கிப் போடு. கெட்டியான குடம், லேசில் உடையாது.

இங்கேயே இருக்கும்,
உன் அப்பன்