எல்லா வரியிலும் என் பெயர்

இன்று காலை நம் தண்ணீர் ஆப் சொதப்பிவிட்டது. தாராவியில் ஒரு சந்துக்கு ஐந்து மணிக்கு வரும் தண்ணீரை ஏழு மணிக்கு என்று காட்ட, குடத்தோடு இறங்கியவர்களுக்குக் காலிக் குழாய். போனில் என்னைக் கிழித்தார்கள். ஆப்பின் நிரலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் காட்டும். எந்தப் புண்ணியவதி எழுதிய வரி இது என்று தேடினேன். என் பெயர். அதற்கு மேல் வரியிலும் கீழ் வரியிலும் என் பெயர். நீ எழுதியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கங்களிலும் என் பெயர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

நாம் இரண்டு பேராகத் தொடங்கிய வேலை. உள்ளே தள்ளி எழுதும் வரிக்கு முன்னால் இரண்டு இடம் விடுவதா, நான்கா என்று ஒன்றரை வருஷம் சண்டை போட்டோம். எனக்கு இரண்டு, உனக்கு நான்கு.

"ஏட்டி, குர்லாவுல லோக்கல் ரயில்ல ஏறுன கூட்டம் மாதிரி எல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்கு. கொஞ்சம் மூச்சு வுட வையேன்" என்பாய்.

உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. வேறு யாரோடும் நீ அப்படி மல்லுக்கட்டியதில்லை.

பிறகு தேவ்நாரிலிருந்து செல்வி வந்து சேர்ந்தாள். முதல் வாரமே, "மூணு பேரும் ஒரே மாதிரி வச்சிக்கிடுவோமே, இடத்த எண்ண வேண்டாம், டேப் கீய ஒரு தட்டு தட்டிருவோம்" என்றாள். நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் "சரி" என்றாய். ஒன்றரை வருஷம் எனக்குத் தராததை அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தந்துவிட்டாய். வயிறு எரிந்தது.

அந்த ஞாயிறு நீங்கள் இருவரும் மாதுங்கா மார்க்கெட் போயிருந்தீர்கள். என்னைக் கூப்பிடவும் இல்லை. நிரலைச் சீராக்கும் கருவியை ஓட்டி மொத்தத்தையும் இரண்டு இடமாக மாற்றினேன். கருவி தொட்ட வரியெல்லாம் நான் எழுதியதாகப் பதிவானது. அப்படி ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் சண்டைக்குத் தயாராக வந்தேன். "எல்லாத்துலயும் ஒன் பேருதான் இருக்கு. இப்பம் சந்தோசந்தானே?" என்று மட்டும் கேட்டாய். அதற்குப் பிறகு நீ அதிகம் எழுதவில்லை. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பத்தே நாளில் போய்விட்டாய்.

இன்று தவறைத் திருத்த செல்வி லேப்டாப்போடு வந்தாள். அவள் திரையில் அதே பக்கம். வரிக்கு வரி உன் பெயர். தவறான வரியும் உன்னுடையதுதான். காலையில் நான் வாங்கிய திட்டெல்லாம் உனக்கு வர வேண்டியது.

"இது எப்படி?" என்றேன்.

"பேரு காட்டும்போது அந்த ஒரு நாள் மாத்துனத மட்டும் கண்டுக்காதன்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்லி வைக்கலாம்க்கா. பெரியக்காதான் அப்பவே எனக்குப் போட்டுத் தந்தாவ. ஒங்களுக்குத் தரலியா?"

அவளுக்குப் பெரியக்கா நீதான். எனக்கு நீ தரவில்லை.

"ஒரே ஒரு வரிதான். போட்டுத் தரட்டா?"

வேண்டாம் என்றேன். அவள் போய்விட்டாள். என் திரையில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரு வரி சேர்த்தால் நீ வந்துவிடுவாய், தெரியும். ஆனால் அவள் கையிலிருந்து உன்னை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீ போன பிறகும் அவளைப் பார்த்து வயிறு எரிகிறது. இதை உன்னிடம் அல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?