டாக்டரின் மூன்று பக்கம்

செவ்வாய், 14 அக்டோபர் 1986

காலையிலிருந்து தூறல். கிள்ளான் பஸ்ஸில் ஜன்னல் ஒழுகி, சேலை ஓரமெல்லாம் ஈரம்.

வக்கீல் ஐயா என்னை அமெரிக்க டிவிக்காரர்களுக்கு இரவல் கொடுத்துவிட்டார். அவர்கள் ஒப்பந்தங்களை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆபீஸ்தான் பார்க்கிறது. என் வேலை: தினமும் மாற்றி மாற்றி எழுதும் வசனத் தாள்களை டைப் அடிப்பது. கிள்ளானில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. வராந்தாவில் ஒரு மேசை, தலைக்கு மேல் ஒரு காத்தாடி. டைரக்டருக்குக் காற்புள்ளி வைக்கவே தெரியவில்லை. திருத்தித்தான் அடித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

நடிகரைப் பார்த்தேன்! டிவியில் ஒன்பது வருடம் டாக்டராக வந்தாரே, நானும் வீட்டுக்காரரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்போமே, அவரேதான். வயது எழுபத்தொன்று. நேரில் உயரம் குறைவு. இந்தப் படத்திலும் டாக்டர்தான், எஸ்டேட் டாக்டர். எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

வீட்டுக்காரர்: "கையெழுத்து வாங்குனியா?"

"நான் டைப் அடிக்கப் போனேன். ரசிகையா போகல."

"ரெண்டாவும் இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

தீபாவளிக்கு: உளுந்து மாவு. நெய். ஜன்னல் துணி. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை (ஒன்றே ஒன்று).

புதன், 15

நல்ல வெயில். வேலை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

டாக்டருக்கு வசனம் நினைவில் நிற்கவில்லை. படத்திலேயே பெரிய காட்சி. செத்துப்போன தொழிலாளியின் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, "அன்றைக்கு நீ ஆள் அனுப்பியும் நான் வரவில்லை" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று பக்கம், முழுக்க அவர் ஒருவர் பேச்சு. நான்கு தடவை அடித்ததில் எனக்கே மனப்பாடம். அவருக்கு முதல் பக்கம் தாண்டவில்லை. பதினோரு டேக். பெரிய அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். கண் அட்டையில் ஓடுவது கேமராவில் அப்படியே தெரிகிறதாம்.

உதவி டைரக்டர் ராஜன், கிள்ளான்காரர், சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக: "அக்கா, செவ்வாய்க்குள்ள ஓகே ஆகலன்னா நாலு வரியா வெட்டி ஹீரோகிட்ட குடுத்துருவாங்க. பாவம் லா மனுசன்."

டாக்டர் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் கோழி அப்படியே இருந்தது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கென்ன வந்தது?

வெள்ளி, 17

மேகமூட்டம். லைட் செட் பண்ண இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். டாக்டர் பாசார் (சந்தை) பார்க்க ஆசைப்பட, ராஜன் என்னைத் துணைக்கு அனுப்பினார்.

மீன் கடையில் ஒரு அம்மா அடையாளம் கண்டுகொண்டார். "ஐயோ, டிவி டாக்டர்!" உடனே சேலையைக் கொஞ்சம் தூக்கி, "டாக்டர், இந்த முட்டிய பாருங்க லா, ரெண்டு மாசமா வலி." அவர் சிரிக்கவில்லை. குனிந்து, அழுத்திப் பார்த்து, மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா இரண்டு நண்டு இனாமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். எல்லா ஊரிலும் இப்படித்தானாம்.

காப்பிக் கடையில் நிறையப் பேசினார். ஆரம்பத்தில் டிவி நாடகம் எல்லாம் நேரடி ஒளிபரப்பு. ஒருமுறை செட் சுவர் சாய, முதுகால் தாங்கிக்கொண்டே காதல் வசனம் பேசி முடித்தாராம். பிறகு ஏழு வருடம் கௌபாய் குதிரைப் படத்தொடரில் ஷெரிபுக்குத் துணை ஆள். ஹீரோ சுடுவது எப்போதும் இவர் இடது காதுக்குப் பக்கத்தில். அந்தக் காது போய்விட்டது. அப்புறம் டாக்டர். அப்புறம் அடுத்தவர்கள் தொடரில் நீதிபதி, தாத்தா, பிணம். ஹீரோவாக ஒரு தடவைகூட இல்லை. "ஆனால் நாற்பது வருடம் வாடகை கட்டினேன்" என்றார். அதில் பெருமை இருந்தது.

மறதி இரண்டு வருடமாகத்தான். மனைவி சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து வசனம் சொல்லிக் கொடுப்பாராம். மனைவி இறந்ததிலிருந்து எதுவும் தங்குவதில்லை. இதிலும் தடுமாறினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார், நேராக என் முகத்தைப் பார்த்து.

என் வாய் சும்மா இருக்கவில்லை. கோயில் மண்டபத்து நாடகங்களில் இருபது வருடம் நான்தான் பிராம்டிங் என்று சொல்லிவிட்டேன். பக்கத் திரைக்குப் பின்னால், நோட்டும் டார்ச்சுமாக, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது. உங்களுக்கும் சொல்கிறேன் என்றேன்!

சனி, 18

தோல்வி. என்னால்தான்.

என்னை அலமாரிக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். நம் நாடகப் பழக்கத்தில், அவர் திணறும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே முணுமுணுத்தேன். நம் நடிகர்களுக்கு அது வேண்டும். சொல்லாவிட்டால் திரையைப் பார்த்து முறைப்பார்கள். இவருக்கோ நான் நின்றது இடது காதுப் பக்கம். ஒன்றும் கேட்கவில்லை. மைக்குக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றி வீசாத குறை. டைரக்டர் சொன்னதை எழுத மாட்டேன்.

ராஜன்: "பரவால்ல அக்கா." முகத்தில் பரவாயில்லை இல்லை.

டாக்டர் மட்டும் தோளைத் தட்டினார்.

ஞாயிறு, 19

மழை. முறுக்கு பாதி கருகியது. மனது அடுப்பில் இல்லை.

மத்தியானம் திடீரென்று தோன்றியது. காப்பிக் கடையில் அவ்வளவு சத்தம். இருந்தும் நான் பேசியதெல்லாம் டாக்டருக்குப் புரிந்தது. முழு நேரமும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்! ஒரு காது போனவர், உதட்டைப் படிக்கிறார்.

வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பழகினேன். "மீன் தொட்டி முன்னால உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டு.

திங்கள், 20

ராஜனிடம் சொன்னேன். அவர் டைரக்டரிடம். அரை மணி நேரம் கையாட்டல். கடைசியில் முடிவு: டாக்டர் பேசும்போது கேமராவுக்குத் தொழிலாளி மனைவியின் முதுகுதான் தெரியும். அந்த வேஷம் போடும் நடிகைக்குப் பதில் அதே சேலையில் நான் உட்காரலாம். அவள் முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்வார்களாம்.

ஆக, நான் டிவியில். என் கொண்டை மட்டும்.

சாயங்காலம் வராந்தாவில் ஒத்திகை. இரண்டு பக்கம் வந்துவிட்டது. மூன்றாவதில் இரண்டு இடத்தில் சறுக்கல். நாளைக்குப் பரீட்சை அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

செவ்வாய், 21

மழை இல்லை. வெள்ளைச் சேலை, தலையில் பூ கூடாது என்றார்கள். விளக்குச் சூடு. யாரோ என் கழுத்து வியர்வையை ஒற்றிவிட்டார்கள், ராணிக்குச் செய்வது போல.

முதல் டேக். முதல் ஒன்றரைப் பக்கம் முழுக்க வாயசைத்தேன். அவர் கண் என் உதட்டில். அப்புறம் "நீ ஆள் அனுப்பினாய்" என்று சொல்லும்போது கண் மேலே வந்தது. என் கண்ணைப் பார்த்தார். நான் வராமல் போனேன், பயந்துபோனேன், உன் வீட்டுக்காரருக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம், என்றார். நானே அடித்த வரிகள். காற்புள்ளி வைத்தது நான். ஆனால் முதல் தடவையாகக் கேட்டேன். இருபது வருடம் திரைக்குப் பின்னால் ஒரு நாடகத்தைக்கூட நான் கேட்டதில்லை. அடுத்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்" என்றபோதுதான் உறைத்தது. ஒன்றரைப் பக்கமாக நான் வாயை அசைக்கவே இல்லை. மறந்தே போய்விட்டேன்! பிராம்டர் மறந்துவிட்டாள்.

அவர் மூன்று பக்கமும் முடித்திருந்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ராஜன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாதுகாப்புக்கு இன்னொரு டேக். அதில் இரண்டாம் பக்கத்திலேயே மறந்தார். நான் தயாராக இருந்தேன், ஒரு சொல் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். ஆக மறதி எங்கேயும் போகவில்லை. இருக்கட்டும்.

பிறகு தனியாக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வேண்டுமென்றே நிறுத்தினீர்கள். என்னால் முடியும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் மனைவியும் இப்படித்தான், பாதியில் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

புதன், 22

வெயில். ஆபீஸ். மேசை மேல் ஒரு வாரக் குப்பை. வக்கீல் ஐயா: "நடிகையம்மா, டீ குடிச்சிட்டு இந்த கேஸ் கட்ட பாக்குறீங்களா?"

பதினோரு மணிக்கு ராஜன் போன். முதல் டேக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்களாம். மனைவியின் முதுகு அசையாமல் கல் போல இருந்தது, அருமையான நடிப்பு என்று டைரக்டர் சொன்னாராம். நடிப்பில்லை, நேற்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். அசைந்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு காட்சி டாக்டருக்குக் கூட்டி எழுதியிருக்கிறார்கள், திங்கட்கிழமை, இரண்டு பக்கம். "டைப் அடிக்க வேற ஆள் இருக்கு அக்கா. எதிர்ல உக்கார நீங்கதான் வேணுமாம்."

லீவு லெட்டர் அடித்துவிட்டேன். நான் மறந்துபோன விஷயத்தை திங்கட்கிழமை அவரிடம் சொல்ல வேண்டும். காட்சி முடிந்த பிறகு.